கேமரா வாங்கப்போகிறவர்

எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவரைக் கண்டுபிடித்துவிடலாம். எல்லோரும் முகூர்த்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் போட்டோகிராபரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கெட்டிமேளம் கொட்டும், அட்சதை பறக்கும். அவர் கையில் உள்ளது கையிலேயே இருக்கும். "தம்பி, இது எழுபது இருநூறா? டூ பாயின்ட் எய்ட்டா?" என்று கேட்டுப் பதில் வாங்கின பிறகுதான் அதைத் தூவுவார். அது பெரும்பாலும் போட்டோகிராபர் தலையில் விழும். மேடையேறி மாப்பிள்ளை பெண்ணோடு நின்று எடுத்துக்கொள்ளும் படத்திலும் ஆள் அடையாளம் தெரியும். மற்றவர்கள் சிரித்தபடி நிற்பார்கள். இவர் கண் டாக்டரிடம் போனவர் மாதிரி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு லென்ஸின் வளையத்தில் பொறித்திருக்கும் எழுத்தைப் படித்துக்கொண்டிருப்பார். சொந்தக்காரர்கள் வீட்டு ஆல்பங்களில் எல்லாம் அவர் இப்படித்தான் இருக்கிறார்.

அவரிடம் கேமரா கிடையாது. வாங்கப்போகிறார்.

இந்த ரகத்தில் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் உண்டு. எல்லோரையும் சேர்த்து ஒருவராக்கி எழுதுகிறேன். யாரும் என் வீட்டு வாசலுக்குச் சண்டைக்கு வர முடியாது பாருங்கள். நம்மவர் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது வயது. சென்னையில் கணக்குப் பார்க்கிற உத்தியோகம். சட்டைப்பையில் நாலாக மடித்த ஒரு காகிதம். அதன் தலைப்பில் 'பட்ஜெட் ரூ. 30,000' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கும். கீழே மாடல்களின் பெயர்கள், அடித்தல், திருத்தல், மறுபடி அடித்தல். காகிதம் கிழிந்தால் புதுக் காகிதத்தில் படியெடுத்துக்கொள்வார். தலைப்பு மட்டும் மாறாது. பால் விலை ஏறியது, பெட்ரோல் விலை ஏறியது, அவர் சம்பளமும் ஏறியது. அந்த 30,000 அசையவில்லை.

ஆசை வந்தது 2006-இல், பெண் பிறந்தபோது. அதற்கு முன்னால் வீட்டில் இருந்தது அவர் அப்பாவின் அக்ஃபா கிளிக் 3. ஒரு ரோலுக்கு 12 படம். அந்தப் பன்னிரண்டுக்குள் பழனி மொட்டை, கொடைக்கானல், தங்கை நிச்சயதார்த்தம் மூன்றையும் முடித்த குடும்பம் அது. அந்த வருஷக் கடைசியில் நிக்கான் டி40 வந்தது, 6 மெகாபிக்சல். அதே வருஷம் வந்த கேனான் 400டி-யில் 10. ஆறுக்கும் பத்துக்கும் நடுவில் நம்மவர் நெடுநாள் நின்றார். பிறகு, டி40-இன் உடம்புக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, விலை குறைந்த பழைய 50 மி.மீ. லென்ஸை மாட்டினால் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும் என்று எங்கோ படித்தார். நிஜம்தான். அந்த ஒரு தகவல் அவரை வாங்கவிடாமல் காப்பாற்றியது.

2008-இல் நிக்கான் டி90 வந்து, டி.எஸ்.எல்.ஆர். கேமராவிலேயே வீடியோவும் எடுக்கலாம் என்று காட்டியது. அதுவரை வந்த அத்தனை மாடல்களையும் நம்மவர் ஒரே கோட்டில் அடித்தார். "வீடியோ இல்லாததை இனிமே எவன் வாங்குவான்?" டி90 பட்ஜெட்டுக்கு மேலே இருந்தது. விலை இறங்கட்டும் என்று காத்திருந்தார். இறங்கியது. அதற்குள் அது பழைய மாடலாகிவிட்டது. பழைய மாடலை எவன் வாங்குவான்?

2018-இல் ஒரு நல்ல சந்தர்ப்பம் வந்தது. நிக்கான் டி3500: கைக்கு அடக்கம், எடை குறைவு, ஒரு முறை சார்ஜ் போட்டால் ஆயிரத்துக்கு மேல் படம். கொஞ்சம் மனசு வைத்திருந்தால் வாங்கியிருக்கலாம். "கண்ணாடி வெச்ச கேமராவுக்கெல்லாம் காலம் முடியுதுங்க. மிரர்லெஸ் வருது" என்றார். அதிலும் அவர் சொன்னது பலித்தது. கேனானும் நிக்கானும் அதே வருஷம்தான் முழு ஃபிரேம் மிரர்லெஸ் கேமராக்களை இறக்கின. டி3500-க்குப் பிறகு அந்த வரிசையில் நிக்கான் புதிதாக ஒன்றும் விடவில்லை. மிரர்லெஸ் வந்தது, ஆனால் அவர் சொன்ன விலைக்கு வரவில்லை. 2023-இல் கேனான் ஆர்100 வந்தபோது, பின்பக்கத் திரை திரும்பாது, தொட்டாலும் வேலை செய்யாது என்று ஒதுக்கினார். திரையைத் தொட்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். "தொட மாட்டேன். தொடணும்னு தோணிச்சுன்னா?" என்றார்.

வரி விஷயத்திலும் ஆள் கெட்டி. 2019 ஜனவரி 1 முதல் டிஜிட்டல் கேமராவுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. நாட்டில் அதை நினைவு வைத்திருப்பவர்கள் வியாபாரிகளும் நம்மவரும்தான். "ஒரு தடவை குறைச்சவங்க இன்னொரு தடவை குறைக்க மாட்டாங்களா?" என்று உட்கார்ந்திருந்தார். 2025 செப்டம்பரில் வரியை மாற்றியபோது ஏசி இறங்கியது, பெரிய டிவி இறங்கியது. கேமரா பழைய 18-லேயே நின்றது. அவர் ஏசி வாங்கினார்.

மாதச் சம்பளம் வந்த சனிக்கிழமை, மவுண்ட் ரோடு பக்கம் உள்ள ஒரு கேமரா கடைக்குப் போவது அவர் வழக்கம். ஒரு தடவை நானும் கூடப் போனேன். இவரைக் கண்டதும் கடைக்காரர் டீ சொன்னார். பில் புத்தகத்தை மட்டும் தொடவில்லை.

"போன தடவை பார்த்ததே இருக்கு சார். எடுக்கட்டுமா?"

"எடுங்க. கையில பிடிச்சுப் பார்க்கணும்."

பிடித்தார். காதோடு வைத்து ஒரு க்ளிக்.

"சத்தம் கொஞ்சம் கனமா இருக்கே?"

"கேமரா சார். வீணை இல்ல."

"கிரிப்பு சுண்டுவிரலுக்கு எட்டலையே."

"சுண்டுவிரலுக்கு அங்க வேலை இல்லையே சார்."

"சரி, தீபாவளிக்குக் குறையுமா?"

"குறையும் சார்."

"அப்ப தீபாவளிக்கே வந்துடறேன்."

"எந்தத் தீபாவளி சார்?"

நம்மவர் கோபித்துக்கொள்ளவில்லை. நியாயமான கேள்விதான் என்பதுபோல் தலையாட்டினார். அதற்குள் வேறொரு கஸ்டமர் கிட்டத்தட்டப் பணத்தை எடுத்துவிட்டிருந்தார். நம்மவர் அவரைத் தனியே அழைத்து, இந்தியக் கம்பெனி வாரன்டி அட்டை இருக்கிறதா, பெட்டியில் உள்ள சீரியல் நம்பரும் கேமராவில் உள்ளதும் ஒன்றா, வெளிநாட்டிலிருந்து தனியாக வந்த சரக்காக இருந்தால் சர்வீஸ் சென்டரில் என்ன சொல்வார்கள் என்றெல்லாம் பத்து நிமிஷம் விளக்கினார். அந்த மனிதர் பர்ஸை மறுபடி உள்ளே வைத்துக்கொண்டு, யோசித்து வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். எங்களுக்கு இரண்டாவது டீ வரவில்லை.

கேமராதான் இல்லையே தவிர, கேமராவுக்கு வேண்டிய மற்றதெல்லாம் வீட்டில் உண்டு. தள்ளுபடியில் வாங்கிய கேமராப் பையில் அவர் ஆபீஸுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறார். லென்ஸ் வைக்கிற தடுப்பில் ரசம். முக்காலி பால்கனியில் துண்டு காயப்போட நிற்கிறது. தூசி ஊதுகிற ரப்பர் பந்து பூஜை அலமாரிக்குப் போய்விட்டது. கடற்கரை ஊரின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்று வாங்கின காற்றுப்புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, இப்போது அப்பளம் இருக்கிறது. நமுத்துப்போகாத அப்பளம் அந்தத் தெருவிலேயே அவர் வீட்டில்தான். 52 மி.மீ. விட்டத்தில் ஒரு யு.வி. ஃபில்டரும் வாங்கி வைத்திருந்தார். அப்போதைய நிக்கான் கிட் லென்ஸுக்கு அதுதான் அளவு. பிறகு வந்த லென்ஸுக்கு அளவு 55 ஆகிவிட்டது. டி3500-ஐ வேண்டாமென்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று ஒருநாள் மனம் விட்டுச் சொன்னார். 30,000 ரூபாய்க் கேமராவை முன்னூறு ரூபாய்க் கண்ணாடி தடுத்து நிறுத்தியது.

அந்தப் பணம் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. வீட்டில் அதற்குப் பெயர் 'கேமரா பணம்'.

"என்னங்க, கேமரா பணத்துலேருந்து எட்டாயிரம் எடுத்துக்கறேன். வாஷிங் மெஷின்ல மோட்டார் போயிடுச்சு."

"எடுத்துக்க. அடுத்த மாடல் வர்றதுக்குள்ள போட்டுடு."

இப்படி அந்தப் பணம் மச்சினன் மகனுக்குக் காலேஜ் பீஸ் கட்டியிருக்கிறது, மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் செய்திருக்கிறது, ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது கட்டிலும் மெத்தையும் வாங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் குறைந்ததைச் சேர்த்து 30,000 ஆக்கிவிடுவார். அவர் மனைவியிடம், நீங்களாவது சொல்லி வாங்கச் செய்யக் கூடாதா என்று கேட்டேன். "ஐயோ, நல்லா இருக்குதே" என்றார் அந்த அம்மா. "வாங்கிட்டா அப்புறம் ஆத்திர அவசரத்துக்கு நாங்க எங்க போறது?"

கஞ்சத்தனம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. காகிதத்தில் உள்ள மாடல்களில் ஒன்றை வாங்கிய நிமிஷமே மீதி நாற்பதும் கைவிட்டுப் போகும்; இப்போது நாற்பத்தொன்றும் அவருடையவை. காத்திருப்பதில் அவருக்கு முன்னோடியும் உண்டு. 1975-இல் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்துகாட்டினார்: 0.01 மெகாபிக்சல், ஒரு படம் கேசட்டில் பதிய 23 விநாடி. பார்க்கலாம், பொறுக்கலாம் என்று கம்பெனி இருந்தது. 2012-இல் திவால் மனு போட்டது. இந்தக் கதையை நம்மவர்தான் எனக்குச் சொன்னார், கோடாக்கின் மேல் மிகுந்த இரக்கத்தோடு.

அவருக்கு விஷயம் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மேல்மாடிப் பையன் ஒருவன் 25,000 ரூபாயோடு யோசனை கேட்க வந்தான். அன்றைக்கு நம்மவர் பேசியதில் ஒரு சொல் வீண் இல்லை.

"மெகாபிக்சலைப் பார்த்து மயங்காதே. நாலுக்கு ஆறு இஞ்ச் பிரின்ட் நல்லா வர 2 மெகாபிக்சல் போதும். ஏ4 அளவுக்கு 9 இருந்தா தாராளம். உங்க வீட்டு 4கே டிவியிலேயே 8 சொச்சம்தான் இருக்கு. சென்சார் சைஸைப் பாரு. சின்ன கேமராவுல 6 மி.மீ. அகலம், கேனான் 1500டி-யில 22. பரப்பளவுன்னு பார்த்தா பன்னிரண்டு மடங்கு. கூட வர்ற 18-55 லென்ஸ் பகல்ல தேவலை. கோயில் பிராகாரத்துல, மண்டபத்துல திணறும். பழசா ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கிப் போடு, 5.6-ல வர்ற வெளிச்சத்தைவிட பத்து மடங்கு கிட்ட உள்ள வரும். செகண்ட் ஹேண்ட்ல தப்பே இல்ல. ஷட்டர் எத்தனை தடவை அடிச்சிருக்குன்னு கேளு. லென்ஸை டார்ச் அடிச்சுப் பாரு, சிலந்தி வலையாட்டம் நூல் தெரிஞ்சா பூஞ்சை, தொடாதே."

பையன் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். காசு கொடுத்தாலும் இப்படி யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா..." என்றார் நம்மவர்.

அந்த 'ஆனா' இரவு பத்தரை வரை போயிற்று. இன்னொரு கம்பெனியின் கலர், மூன்றாவது கம்பெனியின் ஆட்டோ ஃபோகஸ், வரப்போவதாகப் பேச்சு அடிபடும் நாலாவது ஒன்று. முடிவில், ஆறு மாசம் பொறுத்துக்கொள் என்று அனுப்பிவைத்தார். பையனுக்கு நல்ல காலம், அவன் அம்மா நடுவில் சாப்பிடக் கூப்பிட்டதால் பாதியைத்தான் கேட்டிருந்தான். மறுநாளே போய்ப் பழைய கேனான் 1500டி ஒன்றும் அந்த 50 மி.மீ. லென்ஸும் வாங்கிவிட்டான். இப்போது காதுகுத்து, வளைகாப்பு என்று கூப்பிடுகிறார்கள். போட்ட பணத்தை எடுத்துவிட்டான்.

பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவரில் எடுத்த படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். கூட்டத்தில் யாரோ கொடுத்த நீர்மோரைக் குடித்துவிட்டு அவன் பாட்டி சிரிக்கிறாள். மேல் உதட்டில் மோர். எனக்கு அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்க மனமில்லை. நம்மவர் வாங்கினார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், படத்தின் வலது கோடியைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார்.

"ஓரத்துல ஷார்ப்பா இல்லப்பா."

"அங்க குப்பைத்தொட்டிதான் அங்கிள் இருக்கு."

"இருக்கட்டுமே. அதுவும் ஷார்ப்பா இருக்கணும்ல?"

உலகம் முழுக்க 2010-இல் கம்பெனிகள் அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். பத்தே வருஷத்தில் அது ஒரு கோடிக்கும் கீழே போனது. போன் வந்து சாப்பிட்டுவிட்டது. "பார்த்தீங்களா, அன்னிக்கே வாங்கியிருந்தா நஷ்டம்" என்று அதையும் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்.

அடி எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். சமீபத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு குட்டிக் கேமராவோடு வீட்டுக்கு வந்தாள். 2007 மாடல், 7 மெகாபிக்சல், சி.சி.டி. சென்சார். பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியிருக்கிறாள். அவள் வயதுப் பிள்ளைகள் இப்போது இதைத்தான் தேடித் திரிகிறார்கள். நம்மவர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது.

"இதை நான் அப்பவே பார்த்து வேணாம்னு ஒதுக்கினேன்."

"ஏன்ப்பா?"

"ராத்திரியில எடுத்தா புள்ளி புள்ளியா விழும்."

"அதுக்காகத்தான்ப்பா வாங்கினேன்."

அன்று இரவு அவர் காகிதத்தில் 'பழைய சி.சி.டி.' என்று புதிதாக ஒரு பகுதி சேர்ந்துவிட்டது. அதில் இதுவரை பதினெட்டு மாடல்கள்.

கேமரா வாங்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் நம்மவரிடம் தாராளமாகப் போங்கள். காசு வாங்க மாட்டார், காபி கொடுப்பார், சொல்வதில் ஒரு தப்பு இருக்காது. லென்ஸைப் பற்றிச் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். 'ஆனா' என்று ஆரம்பித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கடையை ஒன்பது மணிக்கெல்லாம் மூடிவிடுகிறார்கள்.