சென்னை, காட்டாங்குளத்தூர் வழி

திசையன்விளையிலிருந்து வந்த மாமா எங்கள் ஊரைத் தூக்கத்திலேயே கடந்துவிட்டார். தெற்கேயிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் விதி. ஜி.எஸ்.டி. ரோட்டில் என் வீட்டைத் தாண்டி, கிளாம்பாக்கத்தில் இறங்கி, வந்த வழியே திரும்பி வரவேண்டும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. அதற்கு முன்பு கோயம்பேடு வரை போய்த் திரும்பினார்கள். ஆகவே இது முன்னேற்றம்.

"மருமவனே, கடலு எந்தப் பக்கம்?" என்றார், பையைக் கீழே வைப்பதற்குள்.

அதற்கு முன்னால் சென்னை எந்தப் பக்கம் என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. மனை விற்கிறவர்களுக்கு நாங்கள் சென்னை. கலெக்டருக்குச் செங்கல்பட்டு, 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம். கல்யாணப் பத்திரிகையில் ஒன்று, ரேஷன் கார்டில் வேறொன்று. மழைநாளில் டிவியில் 'சென்னையில் பள்ளிகளுக்கு விடுமுறை' என்று ஓடும்போது, பாதி ஷூவை மாட்டிய பிள்ளைகள் அடுத்த வரியில் செங்கல்பட்டு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். அந்தத் தவிப்பைப் பார்த்தால் எந்தக் கலெக்டருக்கும் மனம் இளகும்.

எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் முகவரியில் காட்டாங்குளத்தூர் என்றிருக்கும். அதை நம்பிக் காட்டாங்குளத்தூர் ஸ்டேஷனில் இறங்குகிற பெற்றோரை அட்மிஷன் காலத்தில் பார்க்கலாம். வளாகத்துக்கு இறங்க வேண்டிய ஸ்டேஷன் பொத்தேரி. அங்கே டீக்கடையில் மாமா "லைட்டா ஒரு டீ" என்றதற்கு மாஸ்டர், "தோ மினிட் அண்ணா" என்றார். தாம் பெரிய நகரத்துக்கு வந்துவிட்டோம் என்ற நம்பிக்கை மாமாவுக்கு அப்போதுதான் பிறந்தது.

ஐ.டி.யைத் தேடினால், தெற்கே பரனூரில் மகேந்திரா சிட்டி, கிழக்கே ஓ.எம்.ஆர். இரண்டுக்கும் போகிறவர்களை ஐப்பசி, கார்த்திகையில் அடையாளம் காண்பது சுலபம். லேப்டாப்புக்கு மேல் மூன்று பாலித்தீன் கவர் இருக்கும். ஆள் தொப்பலாக இருப்பார். ஆள் உலர்ந்துவிடுவார், லேப்டாப் கம்பெனியுடையது.

மழை விஷயத்தில் நாங்கள் சாதாரண ஆட்களில்லை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. கொட்டியது. 20 செ.மீ.யைத் தாண்டும் என்றாலே வானிலை மையம் ரெட் அலர்ட் கொடுக்கும். அது வந்த மாத்திரத்தில் கடைகளில் பாலும் பிரெட்டும் மாயமாகும். வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துவார்கள். மறுநாள் பல சமயம் வெயில் அடிக்கும். வாங்கிய பிரெட்டை ஒரு வாரம் உப்புமாவாகவும் பஜ்ஜியாகவும் தின்று தீர்ப்போம்.

கூடுவாஞ்சேரி நந்திவரம் ஏரியின் உபரிநீர் ஆதனூர் வழியாக அடையாற்றில் கலக்கிறது. முடிச்சூரை ஒட்டி, சைதாப்பேட்டையைத் தொட்டு, பட்டினப்பாக்கத்துக்குப் பக்கத்தில் கடலில் விழுகிறது. சைதாப்பேட்டைக்காரருக்கு நந்திவரம் எங்கிருக்கிறது என்று தெரியாது; நந்திவரத்துத் தண்ணீருக்கு சைதாப்பேட்டை நன்றாகத் தெரியும். ஒரு பஸ் மாறாமல் கடலுக்குப் போகிறது. நமக்கோ வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் என்று மூன்று கட்டம். மழை என்றால் கேளம்பாக்கம் ரோட்டிலேயே இருட்டிவிடும்.

எல்லாவற்றையும் மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு அத்தைக்குப் போன் போட்டார்.

"ஆமா, சென்னையிலதான் இருக்கேன்... கடலா? அது வெளியூர்ல இருக்காம். நம்ம உவரியிலயே பாத்துக்கிடலாம்."