கோபித்துக்கொள்ளும் மாப்பிள்ளை

யுனெஸ்கோ என்ற மாமியார் வீட்டுக்கு அமெரிக்கா மாதிரி ஒரு மாப்பிள்ளை வாய்த்திருக்கிறார். 1984 கடைசியில், ரீகன் காலத்தில், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் 2003இல்தான் திரும்பினார். 2011இல் பாலஸ்தீனத்துக்கும் பந்தியில் இலை போட்டார்கள். மாப்பிள்ளை எழுந்து போகவில்லை. மொய் எழுதுவதை மட்டும் நிறுத்திவிட்டார். பாக்கி 60 கோடி டாலரைத் தாண்டியது. 2018 முடிவில் மறுபடி வெளிநடப்பு. 2023 ஜூலையில் பாரிஸ் தலைமையகத்தில் மறுபடி கொடியேற்றம். ஜில் பைடனே நேரில் வந்திருந்தார். கொடித்துணியின் மடிப்பு கலைவதற்குள், 2025 ஜூலையில் டிரம்ப் அரசு அடுத்த நோட்டீஸ் கொடுத்தது: 2026 டிசம்பரோடு கிளம்புகிறோம்.

இருப்பதா, போவதா என்று வாஷிங்டனில் பட்டிமன்றம் ஓயவில்லை. நடுவர் மாறினால் தீர்ப்பும் மாறும், அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை. உலகப் பாரம்பரிய ஒப்பந்தத்தை முதன்முதலில், 1973இல், ஏற்றுக்கொண்ட நாடே அமெரிக்காதான். முதல் தடவை கோபித்துக்கொண்டு போன அதே 1984இல்தான் சுதந்திர தேவி சிலை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அந்தச் சீரை மட்டும் மாப்பிள்ளை எந்தச் சண்டையிலும் திருப்பிக் கொடுத்ததில்லை.

பாரிஸில் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொள்பவர் இந்த முறை கயிற்றை அவிழ்க்காமல் விட்டுவைத்தால், நான் குறை சொல்லமாட்டேன்.