பொருத்தம் பிறகு பார்க்கலாம்

கேரளத்தில் உள்ளாட்சி தரும் தொழில் உரிம விதிகளுக்கு ஒரு காலத்தில் ‘அபாயகரமான, அருவருப்பான தொழில்கள்’ என்று பெயர். பிறகு அதே தொழில்கள் ‘தொழில்முனைவு’ ஆகிவிட்டன. கொச்சி மட்டாஞ்சேரிச் சுக்குக் கிடங்கின் நெடி மட்டும் மாறவில்லை. 2019-இன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வசதிச் சட்டம் இன்னும் தாராளம்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிவப்புப் பட்டியலில் இல்லாத தொழிலா, உறுதிமொழி கொடுத்து ஒப்புகைச் சான்று வாங்கிக்கொண்டால் மூன்றாண்டுக்கு மாநகராட்சி உரிமம் வேண்டாம். மேசைக்கு மேசை அலைவது மிச்சமாயிற்றே என்பார்கள். நியாயம்தான். ஆனால் தவணை முடிந்து ஆறு மாதத்துக்குள் எல்லா அனுமதியும் வாங்கியாக வேண்டும், அதே மேசைகளில். முதலும் போட்டு, ஆளும் வைத்த பிறகு ‘இந்த இடத்தில் கூடாது’ என்றால்? கல்யாணம் முடிந்து, பிள்ளையும் பிறந்த பிறகு பொருத்தம் பார்க்கும் ஜோசியருக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டது.