கடிதத்துக்கு வயதே ஆகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

போன வருடம் எழுதிய கடிதத்தைத் திறந்தால் அது வெட்கமில்லாமல் போன வருடத் தேதியையே காட்டுகிறதா? வேலை முடிந்து கோப்புக்குள் போன கடிதங்கள் உங்கள் கண் முன்னாலேயே கிழடு தட்டிப்போகின்றனவா? கவலையை விடுங்கள். மார்க்கண்டேயன் லிங்கத்தைக் கட்டிப்பிடித்து அழுது வாங்கிய வரத்தை மைக்ரோசாஃப்ட் வேர்டு ஒரு டிக்கில் தருகிறது.

முதலில் மாதிரிக் கடிதத்தைத் திறங்கள். மாதிரி என்றதும் முறையாகத் தயாரித்த டெம்ப்ளேட் என்று பயந்துவிட வேண்டாம். போன மாதம் யாருக்கோ அனுப்பிய கடிதத்தை எடுத்து, பெயரை மாற்றி, விலாசத்தை மாற்றி, மூன்றாவது பத்தியில் மட்டும் பழைய ஆளின் பெயரை மறந்து விட்டுவிட்டு அனுப்புவோமே, அந்தக் கோப்பே போதும். ‘நாள்:’ என்பதற்குப் பக்கத்தில் கர்சரை வைத்து, இன்சர்ட் பட்டியில் ‘டேட் அண்ட் டைம்’ என்பதைத் தட்டுங்கள். ஒரு பெட்டி திறக்கும். பத்துப் பதினைந்து விதமாகத் தேதியை எழுதிக் காட்டும். அதிலெல்லாம் மயங்க வேண்டாம். கீழே ஓரத்தில் ‘அப்டேட் ஆட்டோமேட்டிக்கலி’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போடுங்கள். அவ்வளவுதான். பெட்டியைத் திறக்கவும் சோம்பலாக இருந்தால் ஆல்ட், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கேள்வியே கேட்காமல் அதே வகைத் தேதி வந்து உட்காரும்.

டிக் போடாமல் விட்டால் வேர்டு அன்றைய தேதியை வெறும் எழுத்தாக அடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். டிக் போட்டால் அங்கே உட்காருவது தேதி கிடையாது, ஒரு கட்டளை. ‘இதை யார் எப்போது திறந்தாலும், கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பார்த்து அன்றைய நாளைச் சொல்’ என்பது அதன் பொருள். வேர்டு மொழியில் இதற்கு ஃபீல்டு என்று பெயர். ஆல்ட், எஃப்9 அழுத்தினால் தேதி மறைந்து, இரண்டு நெளிவு அடைப்புக்குறிகளுக்கு நடுவே ‘டேட்’ என்ற சொல் எட்டிப்பார்க்கும். பார்த்துவிட்டு உடனே மூடிவிடுங்கள். அதிகம் தெரிந்துகொண்டால் இந்த வழிகாட்டியின் பயன் கெட்டுவிடும்.

இனி, எந்தெந்தக் கடிதங்களுக்கு இது உகந்தது என்று பார்ப்போம்.

பணி நியமனக் கடிதத்துக்கு மிகவும் ஏற்றது. ‘இக்கடித நாளிலிருந்து 7 நாட்களுக்குள் பணியில் சேர வேண்டும்’ என்று எழுதி, வேர்டு கோப்பாகவே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பையன் அதை எப்போது திறந்தாலும் இன்னும் ஏழு நாள் பாக்கி இருக்கும். தீபாவளி முடிந்து, பொங்கல் முடிந்து, தங்கை கல்யாணமும் முடிந்து சாவகாசமாக வந்து சேரலாம். ஏன் தாமதம் என்று நீங்கள் கேட்டால் அவன் மடிக்கணினியைத் திறந்து காட்டுவான். உங்கள் கம்பெனியின் லெட்டர்ஹெட், உங்கள் கையெழுத்தின் ஸ்கேன், இன்றைய தேதி. வாதாட ஒன்றும் இருக்காது.

ராஜினாமா கடிதத்தில் பலன் நேர்மாறாக இருக்கும். ‘இன்றிலிருந்து ஒரு மாத நோட்டீஸ் காலம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பக் காத்திருப்பவருக்கு அந்த மாதம் முடியவே முடியாது. மனிதவளப் பிரிவில் ஒவ்வொரு முறை கோப்பைத் திறக்கும்போதும் நோட்டீஸ் அன்றைக்குத்தான் தொடங்கும். நல்ல ஊழியர்களை இழக்க விரும்பாத நிறுவனங்கள் இதைக் கவனிக்கலாம்.

அனுபவச் சான்றிதழும் அப்படித்தான். ‘2016 முதல் இந்நாள் வரை எங்களிடம் பணிபுரிகிறார்’ என்று எழுதி, அடியில் தானாக மாறும் தேதியைப் போட்டுவிட்டால், ஆள் வேறு கம்பெனிக்குப் போய், அங்கிருந்தும் போன பிறகுகூட உங்கள் கோப்பில் விசுவாசமாகப் பணிபுரிந்துகொண்டிருப்பார். சம்பளம்தான் கேட்க மாட்டார்.

எல்லாவற்றையும்விட ருசியானது வக்கீல் நோட்டீஸ். காசோலை பணமில்லாமல் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவுப்படி, வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கையில் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட எதிராளிக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் கட்டவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகாரைத் தாக்கல் செய்ய வேண்டும். நாள் கணக்கிலேயே ஓடுகிற வழக்கு இது. இப்போது நம் முறைப்படி நோட்டீஸ் தயாரித்த அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். நோட்டீஸ் சரியான நாளில் போய்விட்டது. அலுவலக நகலை அன்றே பிரிண்ட் எடுத்து வைக்கவில்லை. ‘கம்ப்யூட்டர்லதான் இருக்கே சார், எப்ப வேணா எடுத்துக்கலாம்’ என்றார் குமாஸ்தா. கோர்ட்டில் தாக்கல் செய்யும் நாள் வந்தது, எடுத்தார். தபால் ரசீதில் பிப்ரவரி. நோட்டீஸில் ஏப்ரல். எழுதுவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே தபாலில் சேர்ந்துவிட்ட நோட்டீஸ்! எதிர்த்தரப்பு வக்கீல் அன்று பெரிதாக ஒன்றும் தயாரித்துக்கொண்டு வரத் தேவையில்லை.

இந்த மாதிரி நேரங்களில் பதில் தயாராக இருக்க வேண்டும். தபால் பிரிவில் ஒருவர், ‘என்ன சார், நாங்க இன்வர்டு சீல் குத்துனது மூணாம் தேதி, நீங்க கொண்டாந்த நகல்ல பதினெட்டாம் தேதி போட்டிருக்கு?’ என்று கேட்பார். தயங்கக் கூடாது. ‘சிஸ்டம் அப்படித்தான் சார் காட்டும்’ என்று சொல்லிவிட்டு மேலே மின்விசிறியைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் இந்தப் பதிலுக்குமேல் கேள்வி கேட்டவர் யாரும் இல்லை.

வேர்டில் இன்னும் சில தேதிகள் உண்டு. சேமித்த நாளைக் காட்டும் ‘சேவ்டேட்’ ஒன்று. எப்போதோ அனுப்பி முடித்த கடிதத்தில் ஒரு கால்புள்ளியைத் திருத்திச் சேமித்தாலும் புதுத் தேதி வாங்கிக் கொடுக்கும். (வரைவுகளின் அடியில் எது கடைசித் திருத்தம் என்று தெரிய இதைப் போட்டு வைப்பது புத்திசாலித்தனம். அதனால் நாம் செய்வதில்லை.) கடைசியாக அச்சிட்ட நாளைக் காட்டும் ‘பிரின்ட்டேட்’ இன்னொன்று. ஒருமுறைகூட அச்சிடாத கோப்பில் இது நாள் பூஜ்யம், மாதம் பூஜ்யம், வருடம் நான்கு பூஜ்யம் என்று காட்டும். கிறிஸ்து பிறப்பதற்கும் முன்னால் எழுதிய சம்பள உயர்வுக் கடிதம் வேண்டுமென்றால் இதைப் பயன்படுத்தலாம்.

தேதியின் வடிவத்தை நீங்களே எழுத ஆசைப்பட்டால் அதற்கும் இடமுண்டு. ஆங்கில எழுத்து எம் பெரிதாக இருந்தால் மாதம், சின்னதாக இருந்தால் நிமிடம். இந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்தாமல் எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் அடித்துவிடுங்கள். காலை பத்து மணி நாற்பத்தேழு நிமிடத்துக்குத் திறந்தால், வருடத்தின் 47-ஆவது மாதத்தில் எழுதிய கடிதம் கிடைக்கும். கணினியின் வட்டார அமைப்பை அமெரிக்காவிலேயே விட்டு வைப்பதும் நல்லது. 07/04 என்பது ஏப்ரல் ஏழா, ஜூலை நாலா என்று பெறுகிறவர் அரை நாள் யோசிப்பார். பன்னிரண்டாம் தேதி வரைதான் இந்தச் சுகம். பதின்மூன்றிலிருந்து குட்டு வெளிப்பட்டுவிடும்.

பழைய கணினி வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மதர்போர்டில் காசு மாதிரி ஒரு சிஆர் 2032 பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது தீர்ந்துபோனால், ஒவ்வொரு நாள் காலையிலும் கணினி தான் பிறந்த காலத்துக்குத் திரும்பிவிடும். இணைய இணைப்பு இருந்தால் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். இல்லையென்றால் உங்கள் தானியங்கித் தேதியும் பின்னோக்கிப் போகும். டாஸ் காலத்துக் கணக்கு 1980 ஜனவரி 1-இல் தொடங்குவதால் சில இயந்திரங்கள் அதுவரைகூடப் போய் நிற்கும். முன்தேதியிட்டுக் கடிதம் வேண்டும் என்று டிடிபி கடைக்கு வருகிறவர்களிடம், ‘அண்ணே, நம்ம மெஷின்ல அது தானாவே வரும்’ என்று சொல்லலாம்.

முன்தேதி என்றதும் ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். தேதியை மட்டும் மாற்றினால் போதாது. 2017-இல் பாகிஸ்தானில் பனாமா ஆவண விசாரணையின்போது 2006 பிப்ரவரி தேதியிட்ட ஒரு பத்திரம் வந்தது. அது காலிப்ரி எழுத்துருவில் இருந்தது. காலிப்ரி பொதுச் சந்தைக்கு வந்தது 2007 தொடக்கத்தில். எழுத்துருவே சாட்சி சொல்லுமா என்று உலகமே வேடிக்கை பார்த்தது. சம்பந்தப்பட்டவர் 2022-இல் மேல்முறையீட்டில் விடுதலையாகிவிட்டார் என்றாலும், யாரும் பெயரைக்கூடக் கவனிக்காத ஓர் எழுத்துரு 2017-இல் தலைப்புச் செய்தியானது.

அரசு ஆணை பாணியில் கடிதம் எழுதுகிறவர்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. தமிழ்நாடு அரசாணைகளில் ஆங்கிலத் தேதியோடு ‘விசுவாவசு, ஆடி 16, திருவள்ளுவர் ஆண்டு 2056’ என்றும் போடுவார்கள். வேர்டுக்கு ஆடி தெரியாது, ஆவணி தெரியாது. ஆனால் கூட்டல் தெரியும். கன்ட்ரோல், எஃப்9 அழுத்தி அடைப்புக்குறிகளை வரவழைத்து (கையால் தட்டிய அடைப்புக்குறியை அது மதிக்காது), உள்ளே சமக்குறி போட்டு, டேட் ஃபீல்டிலிருந்து வருடத்தை மட்டும் எடுத்து 31-ஐக் கூட்டச் சொன்னால் திருவள்ளுவர் ஆண்டு தானாக வரும். உண்மையிலேயே வரும். அந்த ஆண்டு தை முதல் நாளில்தான் பிறக்கிறது என்பதால், ஜனவரி முதல் தேதியிலிருந்து பொங்கலுக்கு முந்தின நாள் வரை மட்டும் கணக்கு ஓர் ஆண்டு முந்திக்கொள்ளும். அந்த நாட்களில் பாதிப் பேர் விடுப்பில் இருப்பதால் யாரும் கண்டுபிடிப்பதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும், கடிதம் எழுதிய நாளே அதில் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் சிலர் இருக்கத்தான் செய்வார்கள். தணிக்கையாளர்கள், ஓய்வுபெறப் போகும் கண்காணிப்பாளர்கள் போன்றவர்கள். அவர்களுக்காக மனமில்லாமல் சொல்கிறேன்.

டேட் இருக்கும் இடத்தில் ‘கிரியேட்டேட்’ என்ற ஃபீல்டை வையுங்கள். இது கோப்பு பிறந்த நாளைக் காட்டும். மாதிரியை முறையான டெம்ப்ளேட்டாகச் சேமித்து, ஒவ்வொரு முறையும் அதை இரட்டைக் கிளிக் செய்து புதுக் கடிதம் தொடங்கினால், அன்றைய தேதி வந்து உட்காரும். பிறகு எத்தனை முறை திறந்தாலும் நகராது. பழைய கடிதத்தின் மேலேயே எழுதும் பழக்கம் போகாது என்றால், முதலில் புதுப் பெயரில் சேமித்து, தேதியின் மேல் எஃப்9 அழுத்த வேண்டும். இல்லையேல் பழைய கடிதத்தின் பிறந்த நாளே நிற்கும். ஏற்கெனவே மாறும் தேதி போட்டுத் தொலைத்த கடிதத்தில், தேதியைத் தேர்வு செய்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9. ஃபீல்டு செத்து வெறும் எழுத்தாகிவிடும். முழுக் கடிதத்தையும் தேர்வு செய்துகொண்டு இதை அழுத்தாதீர்கள். உள்ளே இருக்கும் இணைய இணைப்புகளும் பொருளடக்கமும் சேர்ந்தே உயிரை விடும். வெளியே அனுப்புவது எதுவானாலும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். அதில் தேதி அச்சடித்த மாதிரி நிற்கும்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று அரசு அலுவலகங்களில் பல காலமாக நடக்கிறது. கடிதத்தில் மாதமும் வருடமும் அச்சில் இருக்கும். நாளுக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள். கையெழுத்தான பிறகு, கடிதம் வெளியே போகிற அன்று, அந்த இடத்தில் பேனாவால் நாளை எழுதுவார்கள். கணினி வந்த பிறகும் அவர்கள் இதை விடவில்லை, சரியாகத்தான் செய்தார்கள்.

உங்கள் மாதிரிக் கடிதத்தை இப்போதே திறந்து, தேதியின் மேல் ஒரு கிளிக் செய்து பாருங்கள். பின்னால் சாம்பல் நிறம் படர்ந்தால், இந்த வழிகாட்டி இல்லாமலே நீங்கள் இத்தனை நாளும் சரியாகத்தான் பின்பற்றி வந்திருக்கிறீர்கள். கோப்பில் உள்ள பழைய கடிதங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அவையும் இன்றைக்குத்தான் எழுதியவையாக இருக்கும்.