ஏழு மலை தாண்டி ஒரு சுவிட்சர்லாந்து

முழங்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. அதற்குள் தெரு வாட்ஸ்ஆப் குழுவில் படம் வந்துவிட்டது. வெள்ளியங்கிரி, ஏழாவது மலை, புல்வெளி, மேகம். நடுவில் மங்கி கேப்போடு நான் வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறேன். கீழே, ‘அப்படியே சுவிட்சர்லாந்து!’ பாதித் தெரு கைகூப்பியிருக்கிறது. எனக்கா, சிவனுக்கா, சுவிட்சர்லாந்துக்கா என்று தெரியவில்லை.

வெள்ளியங்கிரியில் என் மனம் அடங்கிய கதையை எழுதுவதாகத்தான் ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டேன். எழுதுகிறேன். முதலில் இந்தச் சுவிட்சர்லாந்தை ஒரு வழி பண்ணிவிட்டு வருகிறேன்.

நாங்கள் திருவொற்றியூர்க்காரர்கள். எங்களுக்கு உயரம் என்றால் தேரடி மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டு. மலை என்றால் கொடுங்கையூரில் குப்பை, எண்ணூர் துறைமுகத்தில் நிலக்கரி. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் எங்கள் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. இன்று வெள்ளியங்கிரிக்குப் போகக் கோவைக்கு ரயில் பிடிக்க, சென்ட்ரல் வரை ஆட்டோக்காரரிடம் பேரம் பேச வேண்டும். சரி, அதை விடுங்கள்.

பூண்டி அடிவாரத்தில் வனத்துறையினர் பையைத் திறக்கச் சொல்லி பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எடுத்தார்கள். மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ராத்திரியில் ஏறினோம். முதல் மலைப் படிக்கட்டிலேயே என் பக்தி தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் ஏறியது மானம். இறங்கி வந்தவர்கள் எல்லாரும் “கொஞ்ச தூரம்தான் சாமி” என்றார்கள். இறங்குகிறவன் வாயில் உண்மை வராது.

ஏழாவது மலையில் விடிந்தது. ஏறத்தாழ 6,000 அடி. பாறைகளுக்கு நடுவே சுயம்பு லிங்கம். சுற்றிலும் புல் சரிவு, பள்ளங்களில் சோலைக்காடு, மடிப்பு மடிப்பாகக் கேரளப் பக்கம் போகிற மேற்குத் தொடர்ச்சி மலை. முழங்காலே மறந்துபோனது. மனம் அடங்கப் போகிற நேரம். பக்கத்தில் நின்ற எங்கள் தெருக்காரன் சொன்னான்: “இன்னா தல, அப்டியே சுவிட்சர்லாந்து கணக்கா கீது!”

அவனுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது.

நம் மலை ஏன் நம் மலையாகவே இருக்கக் கூடாது? வால்பாறை போனால் சுவிட்சர்லாந்து. மேகமலை போனால் சுவிட்சர்லாந்து. ஏலகிரியில் ரெண்டு தூறல் போட்டால் அதுவும் சுவிட்சர்லாந்து. 1969-ல் வந்த ‘சிவந்த மண்’ படத்துக்காக இயக்குநர் ஸ்ரீதர் ஐரோப்பாவுக்குப் போனதிலிருந்து பிடித்த வினை இது. அதன் பிறகு நம் கதாநாயகன் மதுரையில் ஆட்டோ ஓட்டினாலும், காதல் வந்ததும் ஆல்ப்ஸில் போய்த்தான் ஆடுகிறான். அவனுக்குக் கோட்டு, பூட்ஸ், கழுத்தில் மஃப்ளர். பாவம் அந்தப் பெண்ணுக்குப் பனியில் ஷிஃபான் சேலை. பின்னால் கொழுத்த மாடு மேயும். அந்த ஐந்து நிமிஷப் பாட்டுதான் நாம் படித்த புவியியல். அங்கே மழை பெய்தால் சேறாகுமா, அந்த மாடு சாணி போடுமா, ஏறினால் முட்டி வலிக்குமா, எதுவும் பாட்டில் வராததால் நமக்குத் தெரியாது. அந்த நாட்டின் உச்சிச் சிகரம் 15,000 அடிக்கு மேல். அதைப் பற்றியும் யாருக்கும் கவலையில்லை. புல் பச்சையாக இருந்து, குளிரில் பல் தந்தியடித்து, டீ கூடுதல் விலைக்கு விற்றால் அது சுவிட்சர்லாந்து, முடிந்தது.

வெள்ளைக்காரனும் இதைச் செய்தான். 1877-ல் ஊட்டிக்கு வந்த வைஸ்ராய் லிட்டன், மழையையும் சேற்றையும் பார்த்தே இங்கிலாந்து ஞாபகத்தில் உருகி மனைவிக்குக் கடிதம் எழுதினார். அவருக்காவது ஊர் ஏக்கம். எங்கள் தெருக்காரனுக்கு சுவிட்சர்லாந்து ஏக்கம் எங்கிருந்து வந்தது, பூர்வ ஜென்மத்திலிருந்தா? வெள்ளியங்கிரியைத் தென் கயிலாயம் என்கிறார்களே என்று மடக்காதீர்கள். ரெண்டு மலைக்கும் சொந்தக்காரர் ஒருத்தரே. அவர் வீட்டு விஷயம், அவர் எப்படி வேண்டுமானாலும் ஒப்பிட்டுக்கொள்ளட்டும்.

வழியில் திருநீற்று மலை என்று ஒன்று இருக்கிறது. அங்கே வெண்மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள். நான் பூசிக்கொள்ளவில்லை. எங்கள் எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றிலும் மொட்டை மாடித் துணியிலும் வருஷம் முழுக்க வந்து படிகிறது. இங்கே நடை சாத்துவதே கிடையாது. அந்த எண்ணூரும் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் காற்று வாங்கவும் படகு விடவும் வந்த இடம்தான். அன்றைக்கு எந்த மகராசன் அதைப் பார்த்து எந்த ஊர் மாதிரி இருக்கிறது என்றானோ. இன்றைக்கு எந்த ஊரையாவது பார்த்து ‘அப்படியே எண்ணூர்’ என்று சொல்லிப் பாருங்கள், அடிதடியாகிவிடும்.

மனம் அடங்கிய கதைக்கு இனி இடமில்லை. நிஜமாகவே அடங்கவும் இல்லை.

பொதுவாகப் பிப்ரவரியிலிருந்து மே வரை மலையேற விடுவார்கள். போகிறவர்கள் தடி வாங்கிக்கொள்ளுங்கள், முட்டிக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் பிளாஸ்டிக்கை வாங்கிக்கொள்கிறார்களே, அவர்களிடமே சுவிட்சர்லாந்தையும் கொடுத்துவிட்டு ஏறுங்கள். இறங்கும்போது திருப்பிக் கேட்காதீர்கள்.