ஆண்டவர் ஒருவர், தூம்பா இரண்டு

தில்லிக்குப் போனால் கிறித்தவத்தில் சாதி உண்டு. ஊருக்குத் திரும்பினால் கிறித்தவத்தில் சாதி இல்லை. தமிழ்நாட்டுத் திருச்சபையின் நடைமுறை விசுவாசப் பிரமாணம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சொல்வது.

தில்லியில் என்ன பேச்சு? 1950-ல் குடியரசுத் தலைவர் போட்ட ஆணை அநியாயம். அதன் 3-வது பத்தி, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவர் மட்டும் என்ன பாவம் செய்தார்? மதம் மாறினால் சாதி போய்விடுமா? தீண்டாமை போய்விடுமா? அந்த ஆணை பிறந்த ஆகஸ்ட் 10 வந்தால் கறுப்பு நாள். ஆயர்கள் கறுப்புத் துணி அணிந்து கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியாது.

ஊரில் என்ன பேச்சு? 'சாமி, இந்த வருசம் தேர் எங்க தெருவுக்கும் வரணும்.' சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். 'நாமெல்லாம் கிறிஸ்துவில் ஒரே குடும்பம். இதுல தெரு என்ன, சாதி என்ன? திருவிழா நல்லபடியா முடியட்டும், உட்கார்ந்து பேசுவோம்.' திருவிழா முடிகிறது. சாமியாருக்கு மாற்றல் வருகிறது. புதுச் சாமியாருக்கு ஊர் பழகவே ஒரு வருடம் ஆகிறது. அதற்குள் அடுத்த கொடியேற்றம்.

மரக்காணத்தில் நின்று பார்த்தால் இந்த நாடகம் இன்னும் தெளிவாகத் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிறவர்கள் நிறுத்திப் படம் எடுக்கும் இடம் அது. வெள்ளை வெள்ளையாக உப்பு அம்பாரம், பின்னால் நீல வானம். படத்தில் விழாத சில சங்கதிகள் உண்டு. பாத்தியில் இறங்கி நிற்கும் கால். வெடித்த குதிகாலில் உப்புத் தண்ணீர் ஏறும் எரிச்சல். வெயில் ஏறுவதற்குள் வாரி முடிக்க வேண்டுமே என்ற அவசரம். ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்தி மூழ்கும், வேலை நிற்கும். அந்த மாதங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மனுவில் உப்பளத் தொழிலாளியா என்று கேட்கிறார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்பதில்லை.

அதே தொழிலாளியின் மகள் கல்லூரிக்குப் போகட்டும். அப்போது கேட்பார்கள். இந்து என்றால் ஆதிதிராவிடர். ஞானஸ்நானம் பெற்றவள் என்றால் பிற்படுத்தப்பட்டவள். ஒரே தெரு, ஒரே அடிபம்பு, பங்காளி வீடு. ஒரு வீட்டுப் பிள்ளைக்குப் பட்டியல் சாதி, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இல்லை. தெருவில் அடி விழுந்தால் ஒருவருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், மற்றவருக்கு டிஞ்சர்.

2013 ஏப்ரல் 25 அன்று இதே மரக்காணத்தில், மாமல்லபுரம் சித்திரை முழு நிலவு விழாவுக்கு வண்டி வண்டியாகக் கூட்டம் போன நாளில், கட்டையன் தெருவில் தலித் வீடுகள் எரிந்தன. கொளுத்தியவர்கள் கூரையில் தீ வைக்குமுன் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டதாகத் தகவல் இல்லை. சாதி எது, மதம் எது என்பதில் 1950 ஆணையைவிட அவர்களுக்குத் தெளிவு அதிகம்.

ஆக, அரசாங்கம் நடிக்கிறது. கிறித்தவத்தில் சாதியே கிடையாது என்று வேதபாடம் நடத்துகிறது. வேறு எந்த விஷயத்திலும் கிறித்தவ இறையியலை மதிக்காதவர்கள், சலுகையை நிறுத்துவதற்கு மட்டும் பவுலடியாரின் சீடர்களாகிவிடுகிறார்கள். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டு அனுப்பியது. தில்லியில் கோப்புகளுக்குப் பஞ்சமா? அங்கே அதற்கும் ஓர் அலமாரி இருக்கும்.

சரி, அரசாங்கம் நடிப்பது நமக்குப் புதிதா? திருச்சபை நடிப்பதுதான் வயிற்றெரிச்சல்.

விழுப்புரம், கடலூர் மாவட்டங்களும் புதுச்சேரியும் அடங்கியது புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டம். மரக்காணத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் புதுச்சேரி. அங்கே 1745-ல் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிள்ளை கிறித்தவர் அல்ல. அடுத்த வீட்டுச் சண்டையைத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறவரின் ருசியோடு எழுதுகிறார். காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் புதுவைச் சம்பா கோயிலுக்குள் போகிறார். உள்ளே வடபுறம் ஒரு சுவர். அந்தப் பக்கம் பறைச்சேரி மக்கள், இந்தப் பக்கம் சாதிக் கிறித்தவர்கள். பாதிரியார் பறைச்சேரி மக்களைத் தூண்டிவிடுகிறார்: பெரிய சாமியாரிடம் போய்க் கேளுங்கள். அவர்கள் போய்க் கேட்கிறார்கள். நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, ஏன் இந்தச் சுவர்? பெரிய சாமியார் அங்கேயே சுவரை இடிக்கச் சொல்கிறார். சுவர் விழுகிறது.

பிறகு என்ன நடந்திருக்கும்? எல்லோரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள் என்றா நினைத்தீர்கள்? துபாஷ் கனகராய முதலியார் குடும்பத்துப் பெண் வாசனை பூசி, நகையும் மெல்லிய சேலையுமாகக் கோயிலுக்கு வருகிறார். பாதிரியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏசுகிறார். அவ்வளவுதான். சாதிக் கிறித்தவர்கள் கூட்டம் போட்டுவிட்டார்கள். சுவர் போனதில் வந்த ஆத்திரத்துக்குச் சேலையின் மானம் நல்ல துணையாகக் கிடைத்தது.

அந்தச் சுவர் ஒன்றும் சும்மா விழவில்லை. 1704-லேயே ரோமிலிருந்து வந்த தூதர் தூர்னோன் புதுச்சேரியில் உட்கார்ந்து ஆணை போட்டார். சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் போகமாட்டேன் என்று சாமியார் சொல்லக் கூடாது என்பது அதில் ஒன்று. நாற்பது வருடம் வாதாடினார்கள். ஆன்மாவை மீட்க ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி, பாதி உலகம் சுற்றி வந்தவர்கள், கடைசி ஐம்பது அடி நடக்க மாட்டோம் என்று நாற்பது வருடம் வாதாடினார்கள். 1744-ல் பாப்பரசர் 14-ஆம் பெனடிக்ட் கடைசித் தீர்ப்பு எழுதினார். அடுத்த வருடம் புதுவையில் சுவர் விழுந்தது.

விழுந்த சுவர் தெற்கே எழுந்தது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோயிலுக்கு இரண்டு கூடங்கள். இரண்டும் பீடத்தில் வந்து சேரும். ஒரு கூடத்தில் வெள்ளாளர், மறு கூடத்தில் நாடார். நடுவே சுவர். பீடத்தில் நிற்கும் சாமியார் இரண்டு பக்கமும் பார்க்கலாம், இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் கட்டிடக் கலைஞனுக்கு ஒரு சிலை வைக்கலாம். இந்தியச் சமூகத்தை அவனளவு புரிந்துகொண்டவன் இல்லை. 1910-ல் சுவரை எடுத்தபோது வழக்குப் போட்டார்கள். சுவர் எங்கள் உரிமை என்று நீதிமன்றத்தில் வாதாடினார்கள். சிலுவைக்காக வழக்காடியவர்களைவிடச் சுவருக்காக வழக்காடியவர்கள்தான் நம் சரித்திரத்தில் அதிகம் போலிருக்கிறது.

இதெல்லாம் பழைய கதையா? எறையூருக்கு வாருங்கள். அன்று விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி. செபமாலை மாதா கோயில். அங்கே வன்னியக் கிறித்தவருக்கு ஒரு கல்லறை, தலித் கிறித்தவருக்கு ஒரு கல்லறை. பிணம் ஏற்றிப் போகும் தூம்பா வண்டியும் தனி. தலித் பிணம் பெரிய தெரு வழியே போகக் கூடாது. உயிரோடு இருப்பவனைத் தீண்டினால்தான் தீட்டு என்பது பழைய சாத்திரம். செத்தவனை ஏற்றிய வண்டியிலும் தீட்டு ஒட்டும் என்பது எறையூர் திருத்திய பதிப்பு.

தலித் மக்கள் பார்த்தார்கள். சகாய மாதாவுக்குத் தனியாக ஒரு கோயில் கட்டிக்கொண்டார்கள். எங்களைத் தனிப் பங்காக அறிவியுங்கள் என்றார்கள். அப்போதுதான் எல்லோருக்கும் ஒற்றுமை ஞாபகம் வந்தது. திருச்சபையைப் பிரிக்கலாமா? ஒரே மேய்ப்பன், ஒரே மந்தை அல்லவா? தனித் தூம்பா செய்யக் கொடுத்த மரவேலைக்காரரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. தனிக் கல்லறைக்குக் கயிறு பிடித்து அளந்தவரிடம் கேட்டதில்லை. பிரிக்கப்பட்டவர்கள் பிரிகிறோம் என்றபோது மட்டும் ஒற்றுமை.

2008 மார்ச் 9, தவக்கால ஞாயிறு. தாக்குதல், கல்வீச்சு, கடைசியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. இரண்டு பேர் செத்தார்கள். இருவரும் வன்னியக் கிறித்தவர்கள். அன்று உலகம் முழுக்கக் கத்தோலிக்கக் கோயில்களில் வாசிக்க வேண்டிய நற்செய்திப் பகுதி எது தெரியுமா? லாசரைக் கல்லறையிலிருந்து எழுப்பியது. நாலு நாள் ஆன பிணத்தின் பக்கத்தில் ஆண்டவர் போய் நிற்கிறார். நாற்றமடிக்குமே என்று தடுத்ததையும் கேட்கவில்லை. அந்த வாசகத்தின் நாளில், பிணம் எந்தத் தெரு வழியே போவது என்பதில் தொடங்கிய பகையில் இரண்டு பிணம் விழுந்தது.

திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர். உயிர்த்தெழும் நாளில் ஆளுக்கொரு பக்கமாக எழுந்து போகலாம், நெரிசல் இருக்காது. அதை இடிக்கப் போனவர்கள் யார்? மேய்ப்பர்கள் அல்ல. பெரியார் தொண்டர்கள். உயிர்த்தெழுதலில் நம்பிக்கை இல்லாதவன் கடப்பாரை எடுத்தான். நம்பிக்கை உள்ளவன் சுவருக்குக் காவல் நின்றான். கல்லறைத் திருநாளில் மட்டும் இரண்டு பக்கமும் மந்திரித்த தண்ணீர் தெளிக்கிறார்கள். தண்ணீருக்குச் சுவர் தாண்டத் தெரியும்.

அதே திருச்சி மாவட்டத்தில் கோட்டப்பாளையம். மகதலேன் மரியாள் கோயில். தலித் கிறித்தவர்களிடம் திருவிழா வரி வாங்குவதில்லை என்பது அங்கே உள்ள புகார். வரி கேட்டு வீட்டு வாசலில் நிற்பவனைப் பார்த்துக் கதவடைக்கும் நாட்டில், 'ஐயா, எங்களிடமும் வரி வாங்குங்கள்' என்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள் மக்கள். ஏன்? வரி கொடுத்தவன் பங்காளி. பங்காளி என்றால் கமிட்டியில் இடம் கேட்பான், தேரைத் தன் தெருவுக்கு இழுக்கக் கேட்பான். அதனால் பணமே வேண்டாம் என்கிறார்கள். பணத்தைவிடச் சாதி பெரிது என்று நிரூபித்த வகையில் இதுவும் ஒரு துறவுதான்.

திருச்சபைக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தமிழக ஆயர் பேரவை 1990-லேயே பத்து அம்சத் திட்டம் போட்டது. 2003 நவம்பரில் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால், தன்னைப் பார்க்க வந்த தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை கொள்கை அறிக்கை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருக்கிறது, தலைமையில் தலித்துகள் மிகக் குறைவு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவத்தைச் சொன்னால் போதாது, பரிகாரம் செய்ய வேண்டும் என்று பத்து வயதுப் பிள்ளைக்குப் புதுநன்மை வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். ஆயர்கள் அந்த வகுப்புக்கு வரவில்லை போலும்.

2021 ஜனவரியில் புதுவை–கடலூர் பேராயர் இருக்கை காலியானது. ஒரு வருடத்துக்கு மேல் காலியாகவே கிடந்தது. இந்தத் தடவையாவது ஒரு தலித் பேராயர் என்று தலித் கிறித்தவ அமைப்புகள் கேட்டன. 2022 மார்ச்சில் மீரட்டிலிருந்து ஓர் ஆயரைக் கொண்டுவந்தார்கள். கறுப்புக் கொடி காட்டினார்கள். வந்தவர் மீது குற்றம் இல்லை, போகச் சொன்ன இடத்துக்கு வந்தார். ஆனால் பதிலைக் கவனியுங்கள். ஆயர் நியமனம் தூய ஆவியின் செயல், அதில் சாதி பார்க்கலாமா? பார்க்கக் கூடாதுதான். தில்லியில் வேலைக்கும் படிப்புக்கும் ஒதுக்கீடு கேட்கும்போது பார்க்கலாம். சொந்த வீட்டு நாற்காலி என்றால் உடனே ஆவி இறங்கிவிடுகிறது.

இதற்கெல்லாம் விலை கொடுப்பவர்கள் யார்? 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கு முடிந்தது. அரசு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டவர். நீ ஞானஸ்நானம் பெற்றவள், கோயிலுக்குப் போகிறவள், கிறித்தவள் என்றது தீர்ப்பு. சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்பின் மீது செய்யும் மோசடி என்றும் சொன்னது. கோயிலுக்குப் போனதற்குச் சான்று இருந்தது. கோயிலில் எங்கே உட்காரவைப்பார்கள் என்பது நீதிமன்றத்தின் கேள்விப் பட்டியலில் இல்லை.

2022 அக்டோபரில் ஒன்றிய அரசு ஓர் ஆணையம் அமைத்தது. மதம் மாறிய தலித்துகளின் நிலை என்ன என்று ஆராய வேண்டும். தலைவர் கே.ஜி. பாலகிருஷ்ணன், நாட்டின் முதல் தலித் தலைமை நீதிபதியாக இருந்தவர். இரண்டு வருடக் கெடு. முடிந்தது. நீட்டினார்கள். கிறித்தவத்திலும் தீண்டாமை உண்டு என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு திருச்சபைக்கு. அந்த வகையில் கவலையே இல்லை. ஆதாரத்தைத் தேடி அலைய வேண்டாம், கையிருப்பில் இருக்கிறது. சுவர் இருக்கிறது. தூம்பா இருக்கிறது. பெயர் ஏறாத வரி நோட்டு இருக்கிறது.

நீதிபதி அவர்கள் என்றாவது கோட்டப்பாளையம் வந்து நேரில் பார்க்க விரும்பினால் ஏற்பாட்டுக்குக் குறை இருக்காது. வரவேற்பு வளைவு, பேண்டு வாத்தியம், சந்தன மாலை எல்லாம் உண்டு. எந்தத் தெரு வழியாக அழைத்துப் போவது என்பதை மட்டும் கமிட்டி கூடித்தான் முடிவு செய்ய வேண்டும்.