மரை யார் கணக்கு?

பெறுநர்:
உயர்திரு இரண்டாம் அட்டவணை அவர்கள்,
2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம்.
(சட்டத்தின் முழுப் பெயருக்கு உறையில் இடம் போதவில்லை.)

ஐயா,

தாங்கள் 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறீர்கள். இத்தனை வருஷமாக ஒரு தடவைகூட வந்து பார்க்காததற்கு மன்னிக்கவும். குழாய் உடைந்த பிறகுதான் தங்கள் ஞாபகம் வந்தது. சாமி விஷயத்திலும் எங்கள் வழக்கம் அதுதான்.

ஒரு வீட்டைத் தாங்கள் பாகம் பிரித்திருக்கும் அழகே அழகு. கட்டட ரிப்பேர், சுவருக்கு வெள்ளை, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், பைப் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் நாலே வரியில் வீட்டுக்காரர் பங்கு. குழாய், வாஷர், சாக்கடை அடைப்பு, கக்கூஸ், வாஷ்பேசின், ஸ்விட்ச், பூட்டு, கைப்பிடி, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி என்று பகுதி ‘ஆ’வில் குடியிருப்பவனுக்குப் பதினாலு வரி. குளியல்தொட்டி ரிப்பேரும் என் தலையில்தான். இராஜபாளையத்தில் என் வாடகைக்குக் குளியல்தொட்டி உள்ள வீடு கிடைக்கும் என்று தாங்கள் நம்பியதே எனக்குப் பெருமை. நீல டிரம்மும் காது உடைந்த கப்பும் அந்த இனத்தில் சேருமானால், கப்பை நானே மாற்றிக்கொள்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசியில் ஒரு ராத்திரி, மணி ரெண்டு. பாத்ரூம் குழாய் கழுத்தோடு முறிந்து எகிறியது. மாடியில் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ், அன்று சாயங்காலம்தான் நிரப்பியது. அடைக்க வேண்டிய கேட் வால்வும் மாடியில்தான். மாடிக் கதவுச் சாவி மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில், வீட்டுக்காரர் வீட்டு ஆணியில் தொங்குகிறது. நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்.

போன் போட்டேன். அண்ணாச்சி உடனே எடுத்துவிட்டார், பாவம்.

“தம்பி, உடைஞ்சது பைப்பா, குழாயா?”

“அண்ணாச்சி, தண்ணி ரூமுக்குள்ள வந்துருச்சு.”

“அது வரட்டும். பைப்புன்னா நான் வாரேன். குழாய்ன்னா நீங்கதான பாக்கணும்?”

தங்களை ஒருவர் இவ்வளவு மனப்பாடமாக வைத்திருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. அவர் மருமகன் சட்டம் படிக்கிறாராம்.

மாடிக் கதவுப் பூட்டை உடைக்கலாம் என்று சுத்தியலை எடுத்தேன். உடைத்தால் புதுப் பூட்டு என் செலவு, அது தங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் மாடியை எனக்கு வாடகைக்கு விடவில்லையே? சுத்தியலும் கையுமாக நான் சட்டம் யோசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அவர் மாமியார் ஊர் சத்திரப்பட்டி. ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்து அனுப்பும் ஊர் என்பதால் அவர் வீட்டில் அதற்குப் பஞ்சமே கிடையாது. விறகுச் சிராயில் துணியைச் சுற்றி ஓட்டையில் வைத்து, என் சுத்தியலை வாங்கி நாலு போடு போட்டார். நின்றது. தங்கள் பட்டியலின் எந்தப் பகுதியிலும் அந்த அக்கா இல்லை. ராத்திரி ரெண்டு மணியும் இல்லை. வீட்டுக்காரர் வீட்டுக்குள் வருவதற்கு மட்டும் தங்கள் சட்டம் மணிக்கணக்குப் பார்த்து, 24 மணி நேரம் முன்னால் எழுதித் தெரிவிக்கச் சொல்கிறது. தண்ணீர் எதையும் எழுதித் தெரிவிக்கவில்லை.

காலையில் பிளம்பர் வந்து, டார்ச் அடித்துப் பார்த்து, கண் டாக்டர் மாதிரி நிமிர்ந்தார். “குழாய் போயிருச்சுண்ணே. ஆனா மரை எல்போவுக்குள்ளயே மாட்டிக்கிச்சு.”

இந்த இடத்தைத் தாங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். மரை என்பது குழாயின் உடம்பு, ஆகவே என்னுடையது. அது உட்கார்ந்திருப்பது பைப்பின் வாய்க்குள், ஆகவே வீட்டுக்காரருடையது. உளி வைத்துத் தட்டினார், வரவில்லை. சூடு காட்டினார், வரவில்லை. மூன்றாம் தட்டில் துருப்பிடித்த எல்போவே விரிந்துவிட்டது. எல்போ பைப்பு வகை. அதை மாற்றச் சுவரை உடைத்தாக வேண்டும். சுவர் வீட்டுக்காரர் கணக்குதான், ஆனால் குடியிருப்பவன் செய்த சேதம் நீங்கலாக. சேதத்தைச் செய்தது பிளம்பர், பிளம்பரைக் கூப்பிட்டது நான், கூப்பிட வைத்தது குழாய். இப்படியே போனால் பழி, வீட்டைக் கட்டிய கொத்தனாரின் பாட்டனார் வரைக்கும் போகும்.

கொத்தனார், எல்போ, குழாய், சிமென்ட் எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய். வீட்டுக்காரர் மறுத்தால் நாமே செய்துவிட்டு வாடகையில் கழிக்கலாம், ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது என்கிறது சட்டம். என் வாடகை 7,000. இந்த மாதம் 3,500, அடுத்த மாதம் 300 என்று கணக்குப் போட்டு அண்ணாச்சியிடம் சொன்னேன்.

“தாராளமாக் கழிச்சுக்கோங்க தம்பி, சட்டம்னா சட்டம்தான். சித்திரையில மகன் குடும்பத்தோட இங்க வந்துரலாம்னு சொல்லிட்டு இருக்கான்” என்றார். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக அவர் சொல்லவில்லை. வீடு குடியிருக்கவே லாயக்கில்லாமல் போனால் 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நாமே வெளியேறலாம் என்ற பேருரிமையும் எனக்கு உண்டு. அதையும் ஞாபகத்தில் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரே அரைக் கிலோ பால்கோவாவுடன் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் கையில் பால்கோவாவோடு வரும்போது வாடகைக் கழிவு பற்றிப் பேசிய ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. இன்னொன்றும் உண்டு. தங்களை அச்சிட்ட அரசிதழின் தலையில் ஒரு கோபுரம் இருக்கிறதே, அது ஆண்டாள் கோயில் கோபுரம் என்பது எங்கள் பக்கத்து முடிவு. மதுரைக்காரர்கள் வேறு சொல்வார்கள், விடுங்கள். சட்டத்தின் உச்சியிலேயே அவர் ஊர் உட்கார்ந்திருக்கும்போது நான் எந்தப் பிரிவைக் காட்டுவது? பால்கோவா நன்றாக இருந்தது. முழு வாடகையையும் கொடுத்துவிட்டேன்.

கடைசியில் பிளம்பர் மரையை நெம்பி எடுத்துக் கொடுத்தார். விரல்கடை நீளம், பித்தளை. அந்தப் பால்கோவா டப்பாவைக் கழுவி அதில் போட்டு வைத்திருக்கிறேன். அது எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று ஒரு வரி எழுதிப்போட்டால் உரியவரிடம் ஒப்படைத்துவிடுவேன். சித்திரைக்குள் என்றால் நல்லது.

இப்படிக்கு,
பணிவுடன்,
பகுதி ‘ஆ’வில் குடியிருப்பவன்,
இராஜபாளையம்.